வெள்ளிக்கிழமை விடுதலை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறீர்களா? "திங்கட்கிழமை வாங்க" என்பார்கள். நாம் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். திரும்புவதற்கு வீடே இல்லாதவர் என்ன செய்வார்?

இங்கிலாந்தில் இந்தக் கேள்வி எழுந்தது. சனி, ஞாயிறு சிறையிலிருந்து விடுதலையாக வேண்டியவர்களையும் அங்கே வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுவார்கள். கையில் ஒரு பை. பலருக்குத் தங்க இடம் கிடையாது. இடம் கேட்டு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். டாக்டரையும் பார்க்க முடியாது. பிறகு இரண்டு நாள் விடுமுறை. தெருவில் படுத்தவர்கள் உண்டு. பழைய சகவாசத்தைத் தேடிப் போனவர்களும் உண்டு.

2023-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. வெள்ளிக்கிழமை வெளியே வரவேண்டியவரைப் புதன் அல்லது வியாழக்கிழமையே விடலாம். ஓரிரு நாள்தான் முன்னே. ஆனால் அந்த நாளில் அலுவலகம் திறந்திருக்கும்.

ஊருக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புகிறோம். வாசலில் விளக்கு எரிகிறது. "சாப்பிட்டியா?" என்று ஒரு குரல் கேட்கிறது. நமக்கு அதுதான் வீடு.

சிறையிலிருந்து வருகிறவருக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். சிறைக் கதவு திறந்தால் மட்டும் போதாது. அன்றைக்கே இன்னொரு கதவும் திறந்திருக்க வேண்டும்.