செத்தவன் எழுந்து நடக்கும் கதை
(ஏரியூர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



“பேய் இல்லை, பிசாசு இல்லை என்று ஊரூராய்ப் பேசி வருகிற நீங்கள், பிணம் எழுந்து நடக்கும் படக்கதைப் புத்தகத்தை ஆசையாய்ப் படிக்கலாமா?” என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். படிக்கலாம், படித்தோம், இன்னும் படிப்போம் என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் புத்தகத்தின் பெயர் ‘தி வாக்கிங் டெட்’. அமெரிக்காவில் ராபர்ட் கிர்க்மன் என்பவர் எழுதியது. 2003-ல் தொடங்கி 2019 வரை 193 இதழ்கள் வந்தன. வர்ணப் பகட்டு கிடையாது. கறுப்பு வெள்ளைப் படந்தான். ரிக் என்ற போலீஸ்காரன் ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பி எழுந்து பார்க்கிறான். ஊரெல்லாம் நடமாடும் பிணம். மிஞ்சியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதே கதை. பிணம் ஏன் எழுந்தது என்பதற்கு அதில் காரணமே சொல்லப்படவில்லை. ஆனாலும் கீழே வைக்க மனம் வருவதில்லை.

நம் பிள்ளைகளுக்கும் படக்கதை புதிதல்ல. சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்டது. மின்சாரம் பாய்ந்தால் அந்த மாயாவி உருவம் மறைவான். அதைப் படித்த பையன் எவனாவது மாயாவிக்குக் கோயில் கட்டினானா? கிடா வெட்டினானா? வருஷத்துக்கொரு முறை கல்யாணம் செய்து வைத்தானா? படித்தான், சந்தோஷப்பட்டான், அடுத்த புத்தகத்துக்குக் காசு சேர்த்தான். கதையென்று சொல்லி விற்கிறவன் அட்டையிலேயே விலை போட்டுவிடுகிறான். நடந்த சங்கதியென்று சொல்லிப் புராணம் படிக்கிறவன்தான் விலையைச் சொல்லாமல் ஆயுள் முழுவதும் வாங்குகிறான்.

நிற்க, அந்தக் கதையில் கேப்ரியேல் என்றொரு பாதிரி வருகிறார். பிணங்கள் சூழ்ந்தபோது அவருடைய சபையார் ஓடிவந்து தேவாலயக் கதவைத் தட்டுகிறார்கள். அவர் உள்ளே தாளிட்டுக்கொள்ளுகிறார். வெளியே நின்றவர்கள் மாண்டு போகிறார்கள். இதை எழுதியவர் நம் இயக்கத்துக்காரர் அல்ல! பிணம் எதுவும் துரத்தாத நாளிலேயே, 1939-ல் மதுரையில் திறக்கும்வரை, மீனாட்சி கோயில் கதவு எத்தனை பேருக்குச் சாத்திக் கிடந்தது என்பதை நாம் அறிவோம்.

ஹெர்ஷல் என்று ஒரு குடியானவரும் வருகிறார். செத்துப்போன மகனையும் மற்றவர்களையும் கொட்டகையில் அடைத்து வைத்து, குணமாகிவிடுமென்று காத்திருக்கிறார். கடைசியில் அந்தப் பிணங்களே உயிரோடிருந்த அவர் பிள்ளைகளைக் கொல்லுகின்றன. செத்தவனுக்கு வருஷாவருஷம் அரிசியும் வாழைக்காயும் அளந்து கொடுத்துவிட்டு, இருக்கிற மகளின் படிப்புக்குப் பணமில்லை என்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கட்டும்.

‘ஜாம்பி’ என்னும் இந்த நடைப்பிணம் எய்ட்டித் தீவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாய் வதைபட்ட இடம் அது. செத்தாலாவது விடுதலை என்றிருந்தவனுக்கு, செத்த பிறகும் உடம்பு எசமானுக்கு உழைக்க நேருமோ என்பதே பெரிய திகில். நம் நாட்டில் மறு ஜன்மத்திலும் அதே வேலைதான் என்று எழுதி வைத்தவர்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்படமாட்டார்கள். அந்த அடிமைகள் 1791-ல் கிளர்ந்தெழுந்து 1804-ல் தங்கள் நாட்டைச் சுதந்தர நாடாக்கிக்கொண்டார்கள். மந்திரித்த தாயத்தால் அல்ல.

தோழர்களே, புத்தகத்துப் பேய் யாரையும் அடிக்கவில்லை. நம்பிக்கைப் பேய் என்ன செய்தது தெரியுமா? இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், பேய் பிடித்ததென்றும் தர்காவில் தங்கினால் தீருமென்றும் சித்தக் கோளாறு உள்ளவர்களைக் கொண்டுபோய் விடுவார்கள். இந்துவும் போவார், முஸ்லிமும் போவார். இதில் மட்டும் மத வித்தியாசம் இல்லை. அங்கே ஒரு தனியார் விடுதியில் அவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலம் கொட்டகை தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். பேயைக் கட்டிய சங்கிலியில் வெந்தது மனிதர்கள். அதன் பிறகுதான் அரசாங்கம் அத்தகைய விடுதிகளை மூடிற்று.

2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், மன நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாதென்று தடுக்கிறது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. உடுக்கையும் சாட்டையும் வேப்பிலையும் ஊரில் இருக்கின்றன. புருஷன் வீட்டுக்கு வந்த புதுப்பெண் நாலு நாள் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்தால், ‘அம்மா, என்ன கஷ்டம்?’ என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்? பூசாரிக்கு ஆள் அனுப்புகிறவர்கள் எத்தனை பேர்? பேய் ஏன் பெரும்பாலும் பெண்களையே பிடிக்கிறது, கடன் கொடுத்த மைனரை ஏன் பிடிப்பதில்லை என்று தாய்மார்கள் இன்றிரவே வீட்டில் கேட்கவேண்டும்.

தருமபுரியில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போக முடியாவிட்டால், மனக் கஷ்டத்துக்கென்றே 2022-ல் மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய டெலிபோன் இருக்கிறது. நம்பர் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்கு நாம் சீட்டில் எழுதித் தருகிறோம். இனி கேள்வி கேட்கிறவர்கள் கேட்கலாம்.