அச்சம் நீங்கினால் அறிவு தழைக்கும்
(திருவாரூரில் நடைபெற்ற வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஏற்றி வைத்த விளக்கொளியில் படித்து உயர்ந்தோர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். இந்நன்னாளில் நினைவாற்றலைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். நான் மருத்துவன் அல்லேன். வரலாறு பயின்ற பள்ளி ஆசிரியன்.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் வாய்ப்பாடு சொல்லத் தடுமாறினேன். “உங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறாது, போய் மாடு மேய்” என்றார் ஓர் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அன்று மாலை ஓடம்போக்கி ஆற்றங்கரையில் அமர்ந்து அதே வாய்ப்பாட்டைப் பிழையின்றிச் சொன்னேன். மறுநாள் அவர் முன் நின்றதும் நா எழவில்லை. படித்தது எங்கே போயிற்று?

மண்டையில் ஏறாது என்பது பொய். என் பாட்டனார் கையெழுத்தும் அறியாதவர். எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்கு நீர் பாயும், குறுவைக்கு எந்த நெல், சம்பாவுக்கு எந்த நெல், தாளடிக்கு எந்த நெல் என்று அனைத்தையும் நெஞ்சில் வைத்திருந்தார். அவர் பேரனுக்கு மட்டும் வாய்ப்பாடு எப்படி மறந்தது?

மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி உண்டு. புதிய நினைவுகளை நிலைபெறச் செய்வது அதுவே. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய் தீர்க்க அப்பகுதியின் பெரும்பங்கை அகற்றினர். அதன்பின் 2008-இல் இறக்கும் வரை, புதிதாகச் சந்தித்தவர்களை அவரால் நினைவில் வைக்க இயலவில்லை. அதனருகே அமிக்டலா என்றொரு சிறு பகுதி உண்டு. அச்சத்தைப் பதிய வைப்பதில் அதற்கே பெரும்பங்கு.

இவ்விரண்டையும் நம் நாட்டிலேயே ஆராய்ந்தவர் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் அப்போது பணியாற்றிய சுமந்திர சட்டர்ஜி. எலிகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் அசையவிடாமல் அடக்கி, பத்து நாள் துன்புறுத்தி, அவற்றின் நரம்புச் செல்களை அவரும் அவர் குழுவினரும் நோக்கினர். ஹிப்போகாம்பஸின் செல்களில் கிளைகள் தூர்ந்த வாய்க்கால்போல் குறுகியிருந்தன. அமிக்டலாவில் கிளைகள் பெருகியிருந்தன. 2002-இல் இதை வெளியிட்டனர். துன்பம் நீங்கி 21 நாள் கழிந்தபின் ஹிப்போகாம்பஸ் தேறியது. அமிக்டலாவோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2004-இல் அறிவித்தனர். ஒரே ஒரு முறை இரண்டு மணி நேரம் அடக்கினாலும், பத்து நாள் கழித்து அமிக்டலாவில் புதிய இணைப்புகள் முளைத்திருந்ததை 2005-இல் காட்டினர்.

எலி வேறு, பிள்ளை வேறு. இதை நான் மறக்கவில்லை. ஆயினும் அச்சம் மிகுந்த வேளையில் மனிதருக்கும் கற்றது நினைவில் எழத் தடைப்படும் என்று ஆய்வுகள் கூறுகின்றன. அன்று என் நாவைக் கட்டியது அறிவின் குறையன்று, அவமானமே எனத் தெளிந்தேன்.

“அண்ணல் அம்பேத்கர் அவமானத்தைத் தாண்டிப் படிக்கவில்லையா?” என்று சிலர் வினவுவர். பள்ளியில் கோணியின் மீது தனியே அமர்த்தப்பட்டும் உலகம் வியக்கும் மேதையானார், மெய்தான். ஆனால் அந்தக் கோணி அவரை மேதையாக்கவில்லை. அதே கோணியில் அமர்ந்து, படிப்பை இழந்து, பெயரறியாமல் மறைந்தோர் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களை எண்ணிப் பாருங்கள்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்துள்ளது. சட்டத்தைப் பள்ளிகளிடம் கேட்கும் முன் நம் வீட்டிலும் கழக வகுப்பிலும் கைக்கொள்வோம். மாலை வகுப்பில் பாடம் நடத்தும் தம்பி, தங்கைகளே! தவறாக விடை சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். “மீண்டும் சொல், கண்ணு” என்று காத்திருங்கள். பெற்றோர்களே! மதிப்பெண் குறைந்த நாளில் பிரம்பை எடுக்காதீர்கள். சோறிட்டு, நன்கு உறங்க விடுங்கள். படித்தது உறக்கத்திலேயே உறுதிப்படும்.

தூர்ந்த வாய்க்காலைத் தூர் வாரினால் நீர் மீண்டும் பாயும். நம் பிள்ளைகளின் நெஞ்சில் தூர்ந்து கிடப்பது அச்சம். அதை வாருவதே இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும் என வேண்டி அமைகின்றேன்.