நாயின் கண்ணில் நிற்பவர்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள நடுகல் ஒன்று, முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாட்டப்பெற்றது. எருமைகளைக் காக்கும் பூசலில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் உண்டு. கள்வரைக் கடித்துத் தன் தலைவனுக்குக் காவலாக நின்றது அந்நாய் என்று கல்வெட்டு கூறுகிறது. அதனினும் வியப்பானது, அந்நாயின் பெயரையும் அது பொறித்து வைத்திருக்கிறது. கோவிவன் என்பது அப்பெயர்.

உருவம் செதுக்குவது வேறு. உருவப்படம் செய்வது வேறு. வேட்டைக் காட்சிகளிலும் போர்க்களச் சிற்பங்களிலும் நாய்கள் பல உண்டு. அவை நாய் என்னும் இனத்தின் உருவங்கள். பெயர் பொறித்த மாத்திரத்தில் அவ்வுருவம் இன்ன நாய் என்றாகிவிடுகிறது. இன்னொரு நாய் அதன் இடத்தில் நிற்க இயலாது. நாய்களின் உருவப்படக் கலை எனப்படுவது இந்த ஒரு வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. அவ்வகையில் கோவிவனைத் தமிழ் மண்ணின் மிகப் பழைய நாய் உருவப்படங்களுள் ஒன்று எனல் பொருந்தும்.

ஒளிப்படக் கலை உலகறியப் பிறந்தது 1839ஆம் ஆண்டில். தாகேர் கண்ட முறை அவ்வாண்டு பாரிசில் வெளியிடப்பட்டது. தொடக்கத்தில் தகட்டின்மேல் ஒளி பதிய நெடுநேரம் வேண்டியிருந்தது. மனிதரையே கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்து அசையாமல் இருத்தினார்கள். நாயை அவ்வாறு இருத்துவது எங்ஙனம்? ஆகவே அக்காலப் படங்களில் உறங்கும் நாய்களும், உடையவரின் கைக்குள் இறுகப் பிடிக்கப்பட்ட நாய்களுமே தெளிவாக விழுந்தன. விழித்திருந்த நாயின் தலை பல படங்களில் வெறும் புகைபோலக் கலைந்து கிடக்கிறது. அப்படிக் கலைந்த படங்களையும் மக்கள் எறிந்துவிடாமல் பேழைக்குள் வைத்துப் போற்றினார்கள். முகம் தெரியாவிட்டாலும் அருகிருந்தது என்பதற்கு அது சான்று அல்லவா?

தமிழர் இல்லங்களுக்குள் முதலில் நுழைந்த பெயருள்ள அயல்நாட்டு நாய் எது என்று கேட்டால், பலரும் அறிந்தும் அறியாத ஒரு விடை உண்டு. எச்.எம்.வி. இசைத்தட்டின் நடுவில், ஒலிபெருக்கும் குழலின் முன் தலையைச் சாய்த்து அமர்ந்திருக்கும் நாயே அது. எம். எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் சுழன்றபோது அந்நாயும் உடன் சுழன்றது. அதன் பெயர் நிப்பர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1884இல் பிறந்தது. நாடக மேடைகளுக்குக் காட்சித் திரை வரைந்த மார்க் பராட் என்பவர் வளர்த்தது. 1887இல் அவர் இறக்க, அவருடைய தம்பியும் ஓவியருமான பிரான்சிஸ் பராட்டிடம் நாய் வந்து சேர்ந்தது. 1895இல் நாயும் இறந்தது. அதன் பிறகுதான், மறைந்த நாயை மனத்தில் வைத்து, ஒலிக்கருவியின் குரலுக்குச் செவி சாய்க்கும் காட்சியைப் பிரான்சிஸ் வரைந்தார். முதலில் அவர் வரைந்தது உருளையில் ஒலி பதியும் போனோகிராப். 1899இல் கிராமபோன் நிறுவனம் அவ்வோவியத்தை வாங்கியபோது, அதன்மேல் தட்டு சுழலும் கருவியை வரைந்து தருமாறு கேட்டது. அவரும் அவ்வாறே செய்தார். கருவி மாறியது, நாயின் செவி மாறவில்லை. இறந்த தமையனின் குரலையே நாய் கேட்கிறது என்பது பின்னர் வழங்கிய கதை. கதை எப்படியாயினும், அப்படத்தைப் பார்க்கும் எவரும் முதலில் தேடுவது அங்கே இல்லாத ஒருவரைத்தான். உடையவர் படத்தில் இல்லை. ஆயினும் நாயின் முகம் முழுவதும் அவரே இருக்கிறார்.

இவ்வுண்மையைத் தம் வாழ்நாட் கலையாக்கியவர் அமெரிக்கரான வில்லியம் வெக்மன். 1943இல் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். 1970இல் கலிபோர்னியாவில் வைமரானர் இனத்து நாய்க்குட்டி ஒன்றை வாங்கி, புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரின் பெயரையே அதற்கு இட்டு, மேன் ரே என்று அழைத்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் கறுப்பு வெள்ளைப் படங்களிலும் குறும் ஒளிக்காட்சிகளிலும் அந்நாய் அவருடன் பணியாற்றியது. ஒரு காட்சியில் அவர் மேசைக்கு அருகே அமர்ந்து, நாய் எழுதிய எழுத்துத் தேர்வில் பிழைகள் இவை என்று பொறுமையாக விளக்குகிறார். நாயும் குற்றமுள்ள மாணவனைப் போல முகம் வைத்துக் கேட்கிறது. காண்பவர் நகைப்பர். நகைத்து முடித்த பின், சொல் விளங்காமலே ஒரு குரலை இவ்வளவு கருத்தாகக் கேட்கும் செவி மனிதருள் எத்தனை பேருக்கு வாய்க்கிறது என்னும் எண்ணம் எழும்.

1970களின் இறுதியில், போலராய்டு நிறுவனத்தின் மாபெரும் காமிராவைப் பயன்படுத்தும் வாய்ப்பு வெக்மனுக்குக் கிடைத்தது. 20 அங்குலத்துக்கு 24 அங்குலம் என்ற அளவில் உடனுக்குடன் படம் தரும் கருவி அது. ஆளுயரக் கருவி, எளிதில் நகர்த்த முடியாதது. நாயைத் துரத்திச் சென்று படம் எடுக்க அதனால் இயலாது. நாய்தான் வந்து அதன்முன் நிற்க வேண்டும். வைமரானர், வேட்டையில் இரையைக் கண்டதும் உறைந்து நின்று குறிகாட்டும் இனம். அசையாமல் நிற்பது அதற்குத் தண்டனையன்று, தொழில். வெக்மனின் படங்களில் நாய் இழிவுபடுத்தப்படுகிறது என்று குறை கூறுவோர் இதனைக் கருத வேண்டும். 1982இல் எடுத்த ஒரு படத்தில் மேன் ரேயின் மேல் வெண்மாவு மேலிருந்து பொழிகிறது; நாய் மூடுபனிக்குள் நிற்பதுபோல நிற்கிறது. அவ்வாண்டே அது இறந்தது. நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் இதழ் அவ்வாண்டின் சிறந்த மனிதராக அந்நாயையே அறிவித்தது. வேடிக்கையாகச் செய்ததுதான், ஆனால் வேடிக்கை மட்டுமே அன்று. 1986இல் பே ரே என்னும் மற்றொரு நாய் வெக்மனிடம் வந்தது. அதனையும் அதன் வழித்தோன்றல்களையும் ஆடை அணிவித்துக் கதைமாந்தராக்கி அவர் எடுத்த படங்களே உலகெங்கும் பரவின. உடனடிப் படத்தாள் செய்வதைப் போலராய்டு நிறுவனம் 2008இல் நிறுத்தியது. நாயும் போயிற்று, அதனைப் பதித்த தாளும் போயிற்று. படங்கள் மட்டும் இருக்கின்றன.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர் எலியட் எர்விட். ருஷியாவிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு 1928இல் பாரிசில் பிறந்து, அமெரிக்காவில் வாழ்ந்து, 2023இல் மறைந்தவர். அவர் நாய்க்கு வேடம் புனையவில்லை. தெருவில் கண்டபடியே எடுத்தார். சில வேளைகளில் நாயைப் பார்த்துத் தாமே குரைப்பார். அது திடுக்கிட்டுத் திரும்பும் நொடியில் படம் விழும். 1974இல் நியூயார்க்கில் எடுத்த படம் ஒன்று புகழ்பெற்றது. காமிரா ஏறக்குறையத் தரையில் இருக்கிறது. இடப்புறம் இரண்டு நெடிய கால்கள். நடுவில் முழங்கால்வரை காலணி அணிந்த ஒரு பெண்ணின் கால்கள். வலப்புறம் தொப்பி அணிந்த ஒரு சின்னஞ்சிறு நாய். முதற் பார்வையில் இரு மனிதர் நிற்பதாகத் தோன்றும். இடப்புறத்துக் கால்கள் ஒரு பெருநாயின் முன்கால்கள் என்பது சற்றுப் பொறுத்தே புலப்படும். அப்படத்தில் மனிதருக்கு முகமே இல்லை. முகம் உடையது அச்சிறு நாய் ஒன்றே.

எர்விட் செய்தது ஒன்றே ஒன்று: குனிந்தார். நாய் உருவப்படத்தின் முதல் இலக்கணமும் அதுவே. நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் பெரிய நெற்றியும் குறுகிய காலும் உடைய பொம்மை கிடைக்கும். நாயின் கண்மட்டத்துக்குக் காமிராவை இறக்கினால் நாய் கிடைக்கும். இரண்டாவது இலக்கணம் ஒளி பற்றியது. ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கொள்ளும். அது சொன்னபடி எடுத்தால் கரிய நாயும் சாம்பலாகும், பால் வெள்ளையான இராசபாளையம் நாயும் சாம்பலாகும். கறுப்புக்கு ஒளியைக் குறைக்கவும் வெள்ளைக்குக் கூட்டவும் தெரிந்தவரே ஒவ்வொரு நாயையும் அதன் நிறத்தில் காண்பார். அளவுகோல் எல்லாரையும் ஒன்றாக்கும். பரிவுதான் வேறுபடுத்தி அறியும்.

மூன்றாவது இலக்கணமே உயிரானது. அறியாத ஒருவர் உற்று நோக்குவதை நாய் அச்சுறுத்தலாகக் கொள்ளும். காமிராவின் வில்லையோ இமைக்காத பெருங்கண். ஆகவே தேர்ந்த கலைஞர், உடையவரைத் தம் தோளுக்கு அருகே நிறுத்திக்கொள்வார். உடையவர் பெயர் சொல்லி அழைப்பார், நாய் நிமிரும், செவி உயரும், கண்ணில் ஓர் ஒளிப்புள்ளி தோன்றும், அந்நொடியில் படம் பதியும். பார்ப்பவர் அந்நாய் தம்மையே நோக்குவதாக மகிழ்வர். உண்மையில் அது நோக்குவது சட்டகத்துக்கு வெளியே நின்ற ஒருவரை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நாயும் உடையவரும் ஒருவரையொருவர் நோக்கியிருக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பை வளர்க்கும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இருவர் உடலிலும் மிகுவதைக் காட்டிற்று. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அது காணப்படவில்லை. நோக்கு என்பதைச் செய்யுள் உறுப்பாக வைத்த மொழியில் வந்தோர்க்கு, நோக்கினால் ஓர் உறவே உருவாகும் என்பது புதுமையாகத் தோன்றாது.

இனிக் கவிஞர்க்கு உரிய செய்தி ஒன்று. தண்டியலங்காரம் பொருளணிகளுள் முதலாவதாக வைப்பது தன்மையணி. உள்ளதை உள்ளவாறு கூறுவது. இயல்பாக நிகழ்வதன்மேல் புலவன் தன் குறிப்பை ஏற்றுவது தற்குறிப்பேற்றம். எர்விட்டின் நாய்கள் தன்மையணியைச் சார்ந்தவை. வெக்மனின் ஆடை உடுத்த நாய்கள் தற்குறிப்பேற்றத்தைச் சார்ந்தவை. இரண்டும் அணியே, இரண்டிலும் சிறந்த படைப்பு உண்டு. தற்குறிப்பேற்றம் என்று அறிந்து செய்வதில் குற்றமில்லை. தன் குறிப்பையே நாயின் தன்மை என்று நம்பிவிடுவதுதான் குற்றம். தன் தனிமையை நாயின் முகத்தில் எழுதிவிட்டு, நாய் தனித்திருக்கிறது என்று பாடுவது அத்தகையது.

தமிழ் இலக்கியம் நாயைப் பெரும்பாலும் குறிப்பாகவே கையாண்டது. இழிவைச் சொல்ல நாய். தன்னைத் தாழ்த்திக்கொள்ள நாய். மாணிக்கவாசகர் இறைவன்முன் தம்மை நாயாகவே வைத்தார். நாலடியார் நட்பைப் பேசுமிடத்து, பாகனையே கொல்லும் யானையினும், எறிந்த வேல் உடலில் இருக்கவும் வால் குழைக்கும் நாயே மேல் என்றது. உயர்ந்த உவமைதான். ஆயினும், வேலை எறிந்த கை யாருடையது என்பதையும் ஒரு கணம் எண்ண வேண்டும். நாயின் அன்பைப் புகழும் வேகத்தில், அந்த அன்புக்கு மனிதன் பட்ட கடன் மறந்துபோகிறது. பிறர் படம் எடுக்காத, பெயர் வைக்காத தெருநாய்க்கும் அதே கண்தான். அழைக்கும் குரல் ஒன்று இல்லாமையால் அக்கண்ணில் ஒருவரும் நிற்கவில்லை, அவ்வளவே வேறுபாடு.

நாயின் ஆயுள் ஏறக்குறையப் பத்திலிருந்து பதினைந்து ஆண்டுகள். ஒரு நாயை வீட்டுக்குள் கொணர்பவர், பெரும்பாலும் அதன் சாவையும் சேர்த்தே கொணர்கிறார். இதை அறிந்தே மனிதர் அதனை ஏற்கின்றனர். அறிந்தே படமும் எடுத்து வைக்கின்றனர். செருமனியின் ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு நாய்க்குட்டி. அக்குட்டி கொடிய நோய்வாய்ப்பட்டு, மனிதரின் பேணலாலேயே சில வாரங்கள் உயிர் தரித்திருக்க வேண்டும் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு அதன் பற்களைக்கொண்டு கூறுகிறது. வேட்டைக்கு உதவாத, காவலுக்கு ஆகாத ஒரு குட்டிக்காக எவரோ இரவில் விழித்திருக்கிறார். பயன் கருதிய உறவு என்னும் கொள்கை அக்குழியின் ஓரத்தில் வந்து நின்றுவிடுகிறது.

எடுத்தனூர்ச் சிற்பிக்குக் காமிரா இல்லை. கோவிவனின் கண்ணில் ஒளிப்புள்ளி வைக்கவும் வழியில்லை. ஆனால் ஒளிப்படம் செய்ய இயலாத ஒன்றை அவர் செய்தார். உடையவரையும் நாயையும் ஒரே கல்லில் நிறுத்தினார். சட்டகத்துக்கு வெளியே நிற்க வேண்டியவர் அங்கே வீழ்ந்து கிடக்கிறார். அழைக்கும் குரல் இனி இல்லை. ஆகவே ஊரார் அந்நாயின் பெயரைத் தாமே எழுதி வைத்தனர். வாசிப்பவர் ஒவ்வொருவரும் ஒருமுறை அதனை அழைக்கின்றனர். ஏறக்குறையப் பதினான்கு நூற்றாண்டுகள் கழிந்தும் அந்த அழைப்பு நின்றபாடில்லை.