"தூக்குல போடு"ன்னு போஸ்டர் கேட்டீங்க. நான் ஏன் போடல?



போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அருப்புக்கோட்டையில நடந்த நம்ம கூட்டத்துல நான் பேசினதை, "எழுத்தா போடு தம்பி, வர முடியாதவங்க படிக்கட்டும்"னு பல பேர் கேட்டிருந்தீங்க. பேசினதைப் பேசினபடியே இங்க தர்றேன். கொஞ்சம் நீளம்தான். பாதியில விட்டுறாம கடைசி வரைக்கும் படிங்க.

விஷயம் உங்களுக்குத் தெரியும். போன மாசம் நம்ம வட்டாரத்துல ஒரு கொலை. ஊர் பேரைச் சொல்ல மாட்டேன், அந்தக் குடும்பம் இன்னும் துக்கத்துல இருக்கு. அன்னைக்கு ராத்திரி நம்ம ஐ.டி. விங் வாட்ஸ்அப் குரூப்புல வரிசையா மெசேஜ். "கொலைகாரனைத் தூக்கில் போடு, இப்படி ஒரு போஸ்டர் ரெடி பண்ணு தம்பி. காலைக்குள்ள எல்லா பேஜ்லயும் போயிரணும்." கறுப்பு பேக்ரவுண்ட், சிவப்பு எழுத்து, ஒரு தூக்குக் கயிறு படம். பத்து நிமிஷ வேலை.

நான் செய்யல. "தம்பிக்குப் பயம்"னு ஒருத்தர், "செத்தவன் நம்ம சாதி இல்லன்னா?"ன்னு இன்னொருத்தர். ரெண்டும் இல்ல தோழர்களே. இதே மாதிரி ஒரு போஸ்டரை முன்னாடி ஒரு தடவை போட்டவன் நான். அதை இப்பவும் நெனைச்சா கூசுது.

2019 டிசம்பர் 6. அப்ப நான் காலேஜ்ல படிச்சுக்கிட்டிருக்கேன். ஹைதராபாத்துல ஒரு பெண் கால்நடை மருத்துவரைக் கொடூரமா கொன்ன வழக்குல பிடிச்ச நாலு பேரை போலீஸ் விடியக்காலையில சுட்டுக் கொன்னுச்சு. ஹாஸ்டல்ல கைதட்டுனோம். "இதுதான்டா நீதி"ன்னு நானே டிசைன் பண்ணி ஸ்டேட்டஸ் வச்சேன். நூத்துக்கணக்குல ஷேர். ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

ரெண்டரை வருஷம் கழிச்சு, 2022 மே மாசம், உச்ச நீதிமன்றம் அமைச்ச சிர்புர்கர் கமிஷன் அறிக்கை வெளியே வந்துச்சு. போலீஸ் சொன்ன கதையை நம்ப முடியாது, சாகட்டும்னே சுட்டிருக்காங்க, செத்த நாலு பேர்ல மூணு பேர் 18 வயசு நிறையாதவங்கன்னு அதுல இருந்துச்சு. அவங்க குற்றவாளிகளா இல்லையான்னு எந்தக் கோர்ட்டும் இனிமே சொல்ல முடியாது. அந்தப் பெண்ணோட குடும்பத்துக்கும் உண்மை முழுசா கெடைக்காது. நான் போட்ட போஸ்டரை டெலிட் பண்ணிட்டேன். ஷேர் பண்ணினவங்க போன்ல அது இன்னும் இருக்கும்.

"அது என்கவுன்ட்டர் தம்பி, தூக்குங்கிறது கோர்ட் விசாரிச்சுக் கொடுக்கிறது"ம்பீங்க. சரி, கோர்ட்டுக்கே வருவோம்.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியும், பாதுகாப்புக்கு நின்ன போலீஸ்காரங்க உட்பட இன்னும் பல பேரும் குண்டுல செத்தாங்க. அது கொடுமையான கொலை. அதுல செத்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு வீடு இருந்துச்சு. இதை முதல்ல சொல்லாம இந்த வழக்கைப் பத்திப் பேசக்கூடாது.

1998 ஜனவரி 28. பூந்தமல்லி தடா கோர்ட்ல தீர்ப்பு. நிறுத்தின 26 பேருக்கும் தூக்கு. ஒருத்தர் பாக்கி இல்ல. அந்த 26 பேர்ல நம்ம அருப்புக்கோட்டைக்காரர் ஒருத்தரும் உண்டு, ரவிச்சந்திரன்.

அப்ப தடா வழக்குல ஹைகோர்ட் அப்பீல் கிடையாது, நேரா சுப்ரீம் கோர்ட்தான்னு இருந்துச்சு. 1999 மே 11 அங்க தீர்ப்பு வந்துச்சு. அதே ஆவணம், அதே சாட்சி. ஆனா 26 பேர்ல 19 பேர் மேல கொலைச் சதிக் குற்றச்சாட்டு நிக்கல. சின்னச் சின்னக் குற்றங்களுக்கு உள்ள இருந்த காலமே போதும்னு விட்டுட்டாங்க. மூணு பேருக்கு ஆயுள், அதுல ஒருத்தர் ரவிச்சந்திரன். நாலு பேருக்கு மட்டும் தூக்கு உறுதியாச்சு.

கணக்கைப் பாருங்க. ஒரு கோர்ட் சாகணும்னு சொன்ன 26 பேர்ல 22 பேர் சாகத் தேவையில்லன்னு ஒன்றரை வருஷத்துக்குள்ள அடுத்த கோர்ட் சொல்லுது. இந்தப் பக்கம் விசாரிச்சது ஊர்ப் பஞ்சாயத்து இல்ல. நாட்டோட பெரிய புலனாய்வு அமைப்பு, தனிக் கோர்ட், வருஷக்கணக்குல விசாரணை. அங்கயே இப்படின்னா, சாதாரண கொலை வழக்குல, வக்கீல் வைக்கக் காசு இல்லாத ஒரு கரிமூட்டத் தொழிலாளிக்கு என்ன நடக்கும்?

இனி பேட்டரிக்கு வர்றேன். பேரறிவாளனைப் பிடிக்கும்போது அவருக்கு 19 வயசு, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிச்சவர். ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார்ங்கிறதுதான் அவர் மேல இருந்த முக்கியமான குற்றச்சாட்டு. நான் இன்ஜினியரிங் படிச்சவன். ப்ராஜெக்ட்டுக்கு எத்தனை 9 வோல்ட் பேட்டரி வாங்கியிருப்பேன்னு எனக்கே கணக்குத் தெரியாது. நண்பன் கேட்டான்னு வாங்கிக் கொடுத்ததும் உண்டு. எதுக்குன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

போலீஸ்கிட்ட கொடுக்குற வாக்குமூலம் சாதாரண வழக்குல செல்லாது. தடா சட்டத்துல எஸ்.பி. பதிவு பண்ணினா செல்லும்னு இருந்துச்சு. பேரறிவாளன் வாக்குமூலத்தைப் பதிவு பண்ணின சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன் 2013-ல வெளிப்படையா ஒண்ணு சொன்னார். "பேட்டரி எதுக்குன்னு தெரியாது"ன்னு பேரறிவாளன் சொன்னதை எழுதாம விட்டுட்டதா சொன்னார். அப்புறம் உச்ச நீதிமன்றத்துலயும் அதை எழுத்துமூலமா கொடுத்தார்.

இப்ப தேதியைக் கவனிங்க. பேரறிவாளன், முருகன், சாந்தன் மூணு பேரையும் தூக்குல போட நாள் குறிச்சது 2011 செப்டம்பர் 9. அந்த அதிகாரி உண்மையைச் சொன்னது 2013. அன்னைக்குக் கயிறு இறங்கியிருந்தா அந்த உண்மையை யாருக்குச் சொல்றது? கல்லறைக்கா?

ஆகஸ்ட் 28 காஞ்சிபுரத்துல செங்கொடி தன் உயிரை விட்டாங்க. அதைப் பெருமையா பேச எனக்கு மனசு வரல. உயிர் வேணும்னு போராடுறவங்க உயிரோட இருந்துதான் போராடணும். ஆகஸ்ட் 30 சென்னை ஹைகோர்ட் தடை கொடுத்துச்சு, அன்னைக்கே சட்டமன்றத்துல தீர்மானம். கருணை மனுவை 11 வருஷம் கிடப்புல போட்டதைச் சொல்லி, 2014 பிப்ரவரி 18 உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளா குறைச்சுது. 2022 மே 18 பேரறிவாளன் விடுதலை. நான் கைதட்டின ஹைதராபாத் அறிக்கை வெளியே வந்தது ரெண்டே நாள் கழிச்சு. அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியா இல்ல.

அதே வருஷம் நவம்பர் 11 ரவிச்சந்திரன் உட்பட ஆறு பேரையும் விடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. அவங்க நிரபராதின்னு கோர்ட் சொல்லல, விடுதலை மட்டும்தான் கொடுத்துச்சு. இதையும் மறைக்கக் கூடாது. ஆனா 1998-ல சாகணும்னு தீர்ப்பான அந்த மனுஷர், ஜெயில்ல சம்பாதிச்ச காசுல 20,000 ரூபாயை ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குக் கொடுத்தார்ங்கிறதும் உண்மைதானே.

இது அரசியல் வழக்கு, அதனால இப்படின்னு நினைக்காதீங்க. மகாராஷ்டிராவுல நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர், கொலை வழக்கு. 2009-ல உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்குன்னுச்சு. 2019 மார்ச்சுல அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதின்னு விட்டுச்சு. 16 வருஷம் உள்ள இருந்தவங்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் இழப்பீடு. உயிர் இருந்ததால இழப்பீடாவது வாங்க முடிஞ்சுது.

கூட்டத்துல ஒரு ஐயா எழுந்து கேட்டார். "வள்ளுவரே கொலைகாரனை ஒறுக்கச் சொல்லியிருக்காரே தம்பி, பயிருக்குக் களை எடுக்குற மாதிரின்னு?" சரியான கேள்வி. செங்கோன்மை அதிகாரத்தோட கடைசிக் குறள் அது. அதே அதிகாரத்தோட முதல் குறள், நல்லா ஆராயணும், பக்கம் சாயக்கூடாது, கேட்டுத் தெளிஞ்சு செய்யணும்னுதான் ஆரம்பிக்குது.

களை எடுக்குறதைப் பத்தி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். திருச்சுழிப் பக்கம் எங்க அப்பத்தாவோட சேர்ந்து நான் குதிரைவாலிக் காட்டுல களை எடுத்திருக்கேன். குதிரைவாலிக்குள்ள அதே மாதிரி ஒரு புல்லு முளைக்கும். பச்சையில ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். நான் சரக்சரக்னு பிடுங்கிக்கிட்டே போனா அப்பத்தா கத்தும். "எப்பா, சந்தேகமா இருந்தா விட்டுட்டு வா. கதிர் வந்தா தெரிஞ்சு போகும். பிடுங்குன பயிரைத் திரும்ப ஊனவா முடியும்?"

ஐயாவுக்கு நான் சொன்ன பதில் அதுதான். பிடுங்குனா திரும்ப ஊன முடியாது. களையைக் காட்டை விட்டு வெளிய எடுக்கணும்தான். ஜெயில் அதைத்தானே செய்யுது?

நம்ம மண்ணுக்கு இது புதுசும் இல்ல. மதுரையில கோவலனை விசாரிக்காம வெட்டின பாண்டியன் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். மதுரை வீரனைச் சந்தேகத்துல மாறுகால் மாறுகை வாங்கிட்டு, அப்புறம் சாமியா கும்பிடுறோம். அவசரப்பட்டுக் கொன்னுட்டுப் பின்னாடி பொங்கல் வைக்கிற ஊரு நம்ம ஊரு.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வர்றேன். இது வரைக்கும் சொன்னதெல்லாம் தப்பா மாட்டினவங்க கதை. கொலை செஞ்சான்னு சந்தேகமே இல்லாம நிரூபிச்சாச்சு, அப்ப?

2000 பிப்ரவரி 2, தர்மபுரி. வேளாண் கல்லூரி பஸ்ஸுக்கு அரசியல் கும்பல் தீ வச்சதுல மூணு மாணவிகள் கருகிச் செத்தாங்க. குற்றவாளிகள் மூணு பேருக்குத் தூக்கு. 2016-ல அது ஆயுளா குறைஞ்சுது, 2018-ல விடுதலை ஆனாங்க. அந்த விடுதலை வந்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது, இப்பவும் எரியுது. ஆனா அவங்களுக்கும் தூக்கு வேண்டாம்னுதான் நான் சொல்லணும். நம்ம ஆளுன்னா வேண்டாம், அடுத்தவன்னா வேணும்னு பேசினா அதுக்குப் பேர் கொள்கை இல்ல, கோஷ்டி. சீக்கிரம் விட்டதைக் கண்டிக்கலாம், அது வேற சண்டை.

ஏன் வேண்டாம்? பழிக்குப் பழி என்னன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. ஒரு வெட்டுக்கு மறு வெட்டு, அதுக்கு ஒரு வெட்டுன்னு அப்பன் பகையைப் பிள்ளை சுமந்த குடும்பங்களை நாம பார்த்திருக்கோம். "பழி வாங்காதீங்கப்பா, சட்டத்துக்கிட்ட விடுங்க"ன்னு ரெண்டு தரப்பையும் உக்கார வச்சுப் பேசுறது அரசாங்கம். அதே அரசாங்கம், கையைக் காலைக் கட்டி, முகத்தை மூடி, தேதி குறிச்சு ஒரு ஆளைக் கொன்னா, அதுவும் அந்த வரிசையில ஒரு வெட்டுதான். அதை நம்ம வரிப்பணத்துல, நம்ம பேர்ல செய்யுது. அதுல எனக்குச் சம்மதம் இல்ல.

"உன் வீட்டுல நடந்தா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நடந்தா நானும் அருவாளைத் தேடுவேன் அக்கா. அதனாலதான் தீர்ப்பு எழுதுற வேலையை என் கையில கொடுக்கக் கூடாது.

பயம் வரும்ங்கிறாங்க. 1995-ல சேலம் ஜெயில்ல ஆட்டோ சங்கரைத் தூக்குல போட்டாங்க. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல கொலை நின்னு போச்சா? வெட்டுறவன் கயிறை நெனைச்சுக்கிட்டு வெட்டுறதில்ல. மாட்ட மாட்டோம், சாட்சி பேச மாட்டான், கேஸ் இழுத்துக்கிட்டே போகும்னு நெனைச்சுத்தான் வெட்டுறான். நிர்பயா வழக்குக்கு அப்புறம் அமைச்ச நீதிபதி வர்மா குழுகூட 2013-ல பாலியல் குற்றத்துக்குத் தூக்கைப் பரிந்துரைக்கல. 2015-ல சட்ட ஆணையம், பயங்கரவாதமும் போரும் தவிர மத்த எல்லாத்துக்கும் தூக்கை எடுத்துருங்கன்னுச்சு. அம்பேத்கர் 1949-லயே அரசியல் நிர்ணய சபையில, தூக்குத் தண்டனையை ஒழிக்கிறதையே தான் ஆதரிப்பேன்னு சொல்லிட்டார்.

அப்ப போஸ்டர் போடாம என்ன செய்யறது? அன்னைக்கு ராத்திரி குரூப்புல நான் கேட்டது இதுதான். செத்தவர் வீட்டுக்கு நம்மள்ல எத்தனை பேர் போனோம்? மாவட்டக் கோர்ட் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கு. திருச்சுழியில இருந்து பஸ் மாறி மாறிப் போய், கூலி வேலையை விட்டுட்டு அந்தம்மா வாய்தாவுக்கு நிக்கணும். கூட யார் போவா? பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசு இழப்பீட்டுத் திட்டம் இருக்கு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுக்கணும். யார் எழுதிக் கொடுப்பா? சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் திட்டத்தை 2018-லயே உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. சாட்சி சொல்ல வர்றவருக்கு அது இருக்குன்னாவது தெரியுமா?

கூட்டம் முடிஞ்சு நாலு பேர் பேர் கொடுத்தாங்க. அடுத்த வாய்தாவுக்கு அந்தம்மா கூட ரெண்டு பேர் போறாங்க, ஒருத்தர் என்கிட்ட போஸ்டர் கேட்டவர். நானும் போறேன்.

நீங்களும் வர்றதா இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. கருத்து மாறுபட்டாலும் சொல்லுங்க, திட்டாம பேசுவோம். உங்க ஊர்ல இப்படி ஒரு குடும்பம் இருந்தா இன்பாக்ஸ்ல தெரியப்படுத்துங்க. பேர் வெளியே வராது.

சரின்னு பட்டா பகிருங்க.

#மரணதண்டனை_வேண்டாம்
#நீதி_வேண்டும்
#அருப்புக்கோட்டை #திருச்சுழி