கைவிட்ட ஆட்டங்களின் தடம்



திறன்பேசி விளையாட்டுகளைப் பற்றி ஒரு மொழி மேடையில் பேச என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நம் பள்ளிகளில் தமிழ்ச் சொல் விளையாட்டுகளை உருவாக்க முனையும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தொடங்கும் முயற்சிகளுள் பல பாதியில் நின்றுவிடுகின்றன. அவ்வாறு நின்றவற்றை என்ன செய்வது என்பதே இன்றைய உரையின் பொருள். பெருநிறுவனங்களை விடுத்து, தனித்தியங்கும் உருவாக்குநர்களின் அனுபவத்திலிருந்து இதனைக் காண விழைகிறேன்.

வியட்நாமின் ஹனோய் நகரைச் சேர்ந்த நுயென் ஹா டோங் என்னும் இளைஞர், 2013 மே மாதத்தில் ‘ஃபிளாப்பி பேர்ட்’ என்னும் விளையாட்டை வெளியிட்டார். பணிநேரம் போக எஞ்சிய பொழுதில், சில நாள்களிலேயே அதனை அவர் உருவாக்கியிருந்தார். திரையைத் தட்டினால் ஒரு சிறு பறவை மேலெழும். தட்டாவிட்டால் கீழே விழும். பச்சைக் குழாய்களுக்கிடையே அதனைச் செலுத்த வேண்டும். விளையாட்டு அவ்வளவே. பல மாதங்கள் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2014 ஜனவரியில் அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளின் இலவசச் செயலிப் பட்டியலில் அது முதலிடத்தைப் பிடித்தது. விளம்பரங்களால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 அமெரிக்க டாலர் வருவதாக அவரே ஊடகத்திடம் கூறினார்.

அந்த உச்சத்தில்தான், 2014 பிப்ரவரியில், இன்னும் 22 மணி நேரத்தில் விளையாட்டை அகற்றிவிடப் போவதாக டுவிட்டரில் அறிவித்தார்; சொன்னவாறே அகற்றினார். சட்டச் சிக்கல் எதுவும் காரணமில்லை என்று தெளிவுபடுத்தினார். ஓய்வாக இருக்கும்போது சில நிமிடங்கள் ஆடுவதற்கென வடிவமைத்த ஒன்று, மக்களை அடிமைப்படுத்தும் பொருளாக மாறிவிட்டது என்று பின்னர் ஒரு நேர்காணலில் விளக்கினார். அம்முடிவு சரியா தவறா என்று பலரும் வாதிட்டனர். எனினும், ஏன் கைவிட்டார் என்னும் வினாவுக்கு அவருடைய சொற்களிலேயே விடை கிடைத்தது. பிறருடைய நேரத்துக்குத் தாமும் பொறுப்பாளி என்று ஒரு படைப்பாளி கருதினார் என்பது, பத்தாண்டுகளுக்குப் பிறகும் வகுப்பறையில் எடுத்துரைக்கத்தக்க செய்தியாக நிற்கிறது.

அவ்விளையாட்டு அகற்றப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன், ‘த்ரீஸ்’ என்னும் மற்றொரு விளையாட்டு வெளிவந்திருந்தது. அமெரிக்கர்களான ஆஷர் வால்மரும் கிரெக் வோல்வெண்டும் அதனை வடிவமைத்தனர். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று; மூன்றும் மூன்றும் சேர்ந்தால் ஆறு என வளரும் எண் விளையாட்டு அது. பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இதற்கு ஓராண்டுக்கும் மேற்பட்ட உழைப்புத் தேவைப்பட்டது. எண்களுக்குப் பதிலாகச் சூஷி உணவின் உருவங்களை வைத்துப் பார்த்தனர், கூடுதல் விதிகளைச் சேர்த்துப் பார்த்தனர், ஒவ்வொன்றாக விலக்கினர். இறுதியில் நின்ற எளிமை, விலக்கியவற்றின் பயனாகும்.

விளையாட்டு வெளிவந்த சில வாரங்களில் அதனைப் போன்றவை பெருகின. அவற்றுள் புகழ்பெற்ற ‘2048’, இத்தாலியைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவர் ஒரு வார இறுதியில் உருவாக்கி இலவசமாக வெளியிட்டதாகும். அப்போது வால்மரும் வோல்வெண்டும், உருவாக்கக் காலத்தில் தமக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களைத் தொகுத்து யாவரும் படிக்குமாறு வெளியிட்டனர். எதை முயன்றனர், எதை விட்டனர், ஏன் விட்டனர் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. விளையாட்டு வடிவமைப்பைக் கற்பவர்க்கு அது ஒரு பாடநூலுக்கு நிகரானது.

காரணம் எதுவும் கூறப்படாமல், காலத்தால் கைவிடப்படும் விளையாட்டுகளும் உண்டு. அச்சிட்ட நூல் நூலகத்தின் அடுக்கில் தானே நிற்கும். செயலிக்கு அந்த நிலைபேறு இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 இயங்குதளத்தை வெளியிட்டபோது, 32 பிட் முறையில் எழுதப்பட்டுப் புதுப்பிக்கப்படாத செயலிகள் அதில் திறக்கவில்லை. அந்நிறுவனத்தின் செயலிக் கடையில் இடம்பெற உருவாக்குநர் பொதுவாக ஆண்டுதோறும் 99 அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும். செலுத்தத் தவறினால் செயலி கடையிலிருந்து நீங்கும். பள்ளியில் ஒரு தமிழ்ச் செயலியை உருவாக்கிய மாணவர் தேசிய சேவைக்குச் செல்கிறார். பின்னர்ப் பல்கலைக்கழகம் செல்கிறார். செயலியைப் புதுப்பிப்பார் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில், அப்படியொன்று இருந்ததே மறந்துபோகும்.

இந்த இழப்பு நம் மொழிக்கு எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். எழுத்துகளைக் கட்டங்களில் நிரப்பும் ஒரு சொல் விளையாட்டைத் தமிழில் செய்ய ஒரு மாணவர் முற்படுகிறார் என்று கொள்வோம். ‘கொடி’ நமக்கு இரண்டெழுத்துச் சொல். கணினிக்கோ அது நான்கு குறியீடுகள்: ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி. ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட நிரலை அப்படியே எடுத்தாண்டால் கட்டங்களின் எண்ணிக்கை பிழைபடும். அதனைத் தீர்த்தபின் அடுத்த வினா எழும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைத் திரையின் அடியில் அடுக்கிவிடலாம். தமிழின் 247 எழுத்துகளை எவ்வாறு அடுக்குவது? உயிரையும் மெய்யையும் தனித்தனியே தந்து மாணவரையே சேர்க்கச் சொல்வதா? அவ்வாறாயின் அது உயிர்மெய் கற்பிக்கும் விளையாட்டாக மாறிவிடுமே!

இவை நல்ல வினாக்கள். இவற்றுக்கு விடை தேடி அரையாண்டு உழைத்த ஒருவர், தேர்வு நெருங்குவதால் முயற்சியை நிறுத்தலாம்; அதில் குறையில்லை. ஆனால் அவர் கண்டறிந்தவை அவருடனேயே மறையுமாயின், அடுத்த ஆண்டு வேறொரு பள்ளியில் வேறொரு மாணவர் அதே ‘கொடி’யில் தொடங்கி, அதே இடத்தில் நிற்பார். நம்மைப் போன்ற சிறிய சமூகத்தால் இந்த வீண்செலவைத் தாங்க இயலாது.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் படைப்புகளை மதிப்பிடும்போது, முடிக்கப்பட்டவற்றுக்கு மட்டும் மதிப்பெண் வழங்காதீர்கள். முயற்சியை நிறுத்திய மாணவரிடம் ஒரு பக்கக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். எதைச் செய்ய முயன்றேன், எங்கு நின்றேன், ஏன் நின்றேன், அடுத்து வருபவர் எதை எடுத்துக்கொள்ளலாம் என்னும் நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும். அதனைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தொழில்நுட்பத்தைத் தமிழில் தெளிவாக விளக்கும் பயிற்சியும் அதனால் கிட்டும்.

மாணவர்களே, நீங்கள் திரட்டிய சொற்பட்டியலையும் எழுதிய நிரலையும் யார், எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும் அக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள். ‘ஃபிளாப்பி பேர்ட்’ என்னும் பெயரின் வர்த்தகக் குறி பின்னாளில் வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2024இல் அப்பெயரில் புதிய விளையாட்டு அறிவிக்கப்பட்டபோது, தமக்கு அதில் தொடர்பில்லை என்றும் தாம் எதையும் விற்கவில்லை என்றும் நுயென் கூற நேர்ந்தது. நாம் விட்டுச்செல்வதை யாரேனும் எடுப்பர். யார் எடுக்கலாம் என்பதை நாமே எழுதிவைப்பது நன்று.

தொடங்குங்கள். வேண்டுமாயின் நிறுத்துங்கள். நிறுத்திய இடத்தில் ஒரு குறியிட்டுச் செல்லுங்கள். அடுத்தவர் அங்கிருந்து நடக்கட்டும்.