100 சிசி பைக்கின் ஸ்பெக் ஷீட்டை எப்படி வாசிப்பது?

முதல் பைக் வாங்கப்போறவங்க கேட்கிற முதல் கேள்வி, "100 சிசி போதுமா?" நேரடியா பதில் சொல்றதுக்குப் பதிலா, இன்னைக்கு ஒரு ஸ்பெக் ஷீட்டை எடுத்து வரிவரியா பார்ப்போம். எடுத்துக்கிட்டது ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ், டிரம் பிரேக் மாடல். 1994-ல ஹீரோ ஹோண்டா பேர்ல அறிமுகமான வண்டியோட வாரிசு இது.

முதல்ல இன்ஜின். 97.2 சிசி, நாலு கியர். பவர் 8.02 பிஎஸ், 8000 ஆர்பிஎம்ல. டார்க் 8.05 நியூட்டன் மீட்டர், 6000 ஆர்பிஎம்ல. பெரும்பாலும் நாம முதல் எண்ணை மட்டும் பார்த்துட்டு நகர்ந்துடுவோம். ஆனா விஷயம் அந்த ஆர்பிஎம்லதான் இருக்கு. தினசரி ஆபீஸ் போற வழியில யாரும் 8000 வரைக்கும் முறுக்க மாட்டாங்க. டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கினா வர்றதுதான் பவர். அந்தக் கணக்குப்படி 6000-ல கிடைக்கிறது சுமார் 6.9 பிஎஸ். அதுக்கு மேல இன்னும் 2000 ஆர்பிஎம் முறுக்கினாலும் கூடுதலா வர்றது 1.1 பிஎஸ்தான். இன்ஜின் கத்துற அளவுக்கு வேகம் கூடாது.

அடுத்து எடை, 112 கிலோ. டிராஃபிக்ல தள்ளித் திருப்ப, சந்துல நிறுத்த, இதைவிட சௌகரியம் கிடையாது. சீட் உயரம் 785 மில்லிமீட்டர்தான். உயரம் குறைஞ்சவங்களுக்கும் கால் நல்லா ஊனும். ஆனா லேசான வண்டியில ஓட்டுறவரோட எடை பெரிய பங்கு வகிக்கும். 70 கிலோ ஆள் ஒருத்தர் உட்கார்ந்தா மொத்தம் 182. அதே எடையில பின்னாடி இன்னொருத்தர் ஏறினா 252. அதாவது 38 சதவீதம் கூடுது. 195 கிலோ கிளாசிக் 350-ல இதே ரெண்டு பேர் உட்கார்ந்தா 26 சதவீதம்தான் கூடும். தனியா ஓட்டும்போது சுறுசுறுப்பா இருந்த வண்டி, அம்மாவை ஏத்திக்கிட்டு பைபாஸ்ல லாரியை ஓவர்டேக் பண்ணும்போது ஏன் திணறுதுன்னு இப்போ புரியுதா?

கடைசியா, பலரும் படிக்காம விடுற வரி: பிரேக். முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர் டிரம், கூடவே கம்பைன்டு பிரேக்கிங். பின் பெடலை மிதிச்சா முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். நல்ல விஷயம்தான், ஆனா இது ஏபிஎஸ் கிடையாது. வீல் லாக் ஆகிறதை இது தடுக்காது.

ஒரு சின்னக் கணக்கு. இயக்க ஆற்றல் வேகத்தோட இருமடிக்கு ஏத்த மாதிரி கூடும். 40-ல தனியா போறதையும், 60-ல ரெண்டு பேரா போறதையும் ஒப்பிட்டா, பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் மூணு மடங்குக்கு மேல. டிரம்மோட அளவு மட்டும் அதே 130 தான்.

அப்போ 100 சிசி போதுமா? ஊருக்குள்ள, பெரும்பாலும் தனியா, 50-க்குள்ள ஓட்டுறவங்களுக்குத் தாராளமா போதும். 9.8 லிட்டர் டேங்க்கை நிரப்பிட்டா அடிக்கடி பங்க் பக்கம் போக வேண்டியதும் இல்லை. தினமும் ஹைவேயில ரெண்டு பேரா போறவங்க, முன்னாடி டிஸ்க், முடிஞ்சா ஏபிஎஸ் இருக்கிற வண்டிக்குப் பட்ஜெட்டைக் கொஞ்சம் நீட்டுங்க. மைலேஜை அப்புறம் பார்த்துக்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள்: டெஸ்ட் ரைடுக்குத் தனியா போகாதீங்க. தினமும் பின்னாடி யார் உட்காரப்போறாங்களோ, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.