ஒரே டிக்கெட்டா, பாருங்கள்

சேலம் காமலாபுரத்தில் விமானம் ஏறி, சென்னையில் மாறி, சிங்கப்பூரில் இருக்கிற மகளைப் பார்க்கப் போகிறீர்களா? முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டா என்று முதலில் பாருங்கள்.

ராசிபுரம் பஸ் தாமதமானால், சேலத்தில் சென்னை பஸ் நமக்காக நிற்காது. பரவாயில்லை, அடுத்த பஸ் வரும். விமானம் அப்படி இல்லையே! ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டாலும், வேறு விமானத்தில் அனுப்பிவைப்பது விமானக் கம்பெனியின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் அடுத்த டிக்கெட்டின் பணம் போனதுதான். அடுத்த விமானத்தைப் பிடிக்கக் கைப்பையோடு மூச்சிரைக்க ஓடுகிற பெரியவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

திரும்பி வரும்போது, பொதுவாகச் சென்னையிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். நடுவில் நாலு மணி நேரமாவது விடுங்கள். ஒரே டிக்கெட்டாகவே கேட்டு வாங்குங்கள்.